ஏழு மணிக்குப் பார்க்குக்குப் போகிறவர்கள்

பொத்தானம்மா தன் அறுபத்தேழு வயதுக்குள் எத்தனையோ சில்லறைப் பொய்களைச் சொல்லியிருப்பார். அரசாங்கக் காகிதத்தில் ஏறிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒற்றைச் சொல். "பார்க்குக்கு."

அது எப்படி அவர் வாயில் வந்தது என்று சொல்வதற்கு முன்னால் அவருடைய வேலையைச் சொல்லிவிட வேண்டும். வேலை இல்லாவிட்டால் அந்தப் பொய்யே பிறந்திருக்காது.

நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டிய நீள அறை. மாடியில் நோயாளிகள் கிழிப்பதெல்லாம் கீழே அங்கே வந்து சேரும். நடுவில் ஒரு மேசை. மேசையின் மேல்பக்கம் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் குழல் விளக்கு. துவைத்து வந்த படுக்கை விரிப்பை அதன் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் ஓட்டைகள் வெளிச்சப் பொட்டுகளாகக் கண்ணில் படும். சின்ன ஓட்டைக்கு ஒட்டு. நடுப்பகுதி முழுக்க நைந்துபோயிருந்தால் விரிப்பை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, நையாத ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைத்து, நைந்ததை ஓரமாக்கி மடித்து அடித்துவிடுவார். விரிப்புக்கு இன்னும் இரண்டு வருடம் ஆயுள் கூடும். அறுவை அறைத் துணிகளில் மட்டும் ஊசி படக்கூடாது. ஊசித்துளை வழியாக ஈரம் இறங்கிவிடும். அதற்குச் சூடு வைத்து ஒட்டுகிற தனித் துணி இருக்கிறது.

இவற்றோடு டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள். படித்தவர்கள் பொத்தானை எதில் மாட்டி இழுக்கிறார்களோ தெரியாது, வாரத்துக்கு அறுபது எழுபது அறுந்து வரும். "வந்துட்டாங்கய்யா பொத்தானம்மா" என்று மேற்பார்வையாளர் அம்மா முதல் வாரத்திலேயே வைத்த பெயர் பிறகு போகவே இல்லை. சம்பளத்தாள் கொடுக்கிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

எட்டு மணிக்கு முதல் சலவை இறங்கும். பகல் பன்னிரண்டுக்குள் எல்லாம் மடிப்புக் கலையாமல் வார்டுகளுக்கு ஏறிவிட வேண்டும். ஆகவே எட்டு என்றால் எட்டு. எட்டே கால் என்பது அந்த அறையில் கிடையாது.

இதற்கு முன்னால் அவர் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் காலர் தைத்தார். காலர் மட்டும். கையைத் தைப்பவர் வேறு, பையைத் தைப்பவர் வேறு. "முழுச் சட்டைய நான் பாக்குறதே பஸ்ல, யாராவது போட்டுட்டு வந்தாத்தான்" என்பார். தொழிற்சாலை மூடப்பட்டது. வீட்டில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஓரம் அடிப்பது, ஜிப் மாற்றுவது என்று பத்து வருடம் ஓட்டினார். கணவர் இறந்தார். மகள் கல்லூரி முடித்தாள். அந்தக் குடும்பத்தில் இரண்டு பக்கமும் எத்தனை தலைமுறை பின்னால் போனாலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மருத்துவமனையில் தைப்பதற்கு ஆள் வேண்டும் என்ற செய்தி வெகுநாளாகவே இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் போய்வரப் பேருந்துக் கட்டணத்தைக் கழித்துப் பார்த்தால், வீட்டிலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது மேல் என்று படும். அறுபத்தைந்து முடிந்ததும் முதியோர் இலவச அட்டை வந்தது. எல்லோரும் அதை பாஸ் என்பார்கள். பாஸ் வந்த மறுவாரமே பொத்தானம்மா மருத்துவமனைக்குப் போய் நின்றார். ஆக, அந்த வேலையை அவருக்குக் கொடுத்தது பாதி மருத்துவமனை, பாதி பாஸ்.

அவர் தெருமுனைக்கு முதல் பேருந்து ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வரும். ஆரம்ப நிறுத்தத்துக்கு அடுத்த நிறுத்தம் என்பதால் எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். ஐந்து நிறுத்தம் தாண்டுவதற்குள் நிற்கிற இடமும் நிறைந்துவிடும். இரண்டு வருடத்தில் அந்தப் பேருந்தில் அவருக்குச் சேர்மானமாக இரண்டு பேர். ஒருவர் கோட்டு மாமா, எழுபத்தொரு வயது. வெயிலோ மழையோ பழுப்பு நிறக் கோட்டைக் கழற்ற மாட்டார். பெரிய அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும், இப்போதும் ஆலோசனைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றும் சொல்வார். நகர நடுவில் இருக்கும் பதினெட்டு மாடிக் கட்டடத்தில் அவர் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குவதை இன்னொருவரான ஹாஸ்டல் அக்கா ஒருமுறை கண்ணாலேயே பார்த்துவிட்டார். பார்த்ததைப் பொத்தானம்மாவிடம் மட்டும் சொன்னார். இருவரும் அதை மனசுக்குள்ளேயே போட்டு வைத்துக்கொண்டார்கள். ஹாஸ்டல் அக்கா மாணவிகள் விடுதியில் சமையல். எழுபது வயதிலும் இருநூறு பேருக்கு வெங்காயம் உரிக்கிற கை. வாயும் அதே வேகம்.

அந்தப் பேருந்தில்தான் ஒரு நாள் கணக்கெடுப்புக்காரர் ஏறினார். கையில் அட்டை, அட்டையில் படிவம், படிவத்தின் தலையில் போக்குவரத்துத் துறை முத்திரை.

அவர் ஏறுவதற்குப் பத்து நாள் முன்பு கோட்டு மாமா ஒரு செய்தி சொல்லியிருந்தார். "சம்பாதிக்கிற வயசானவங்களோட பாஸைத் திருப்பி வாங்கப் போறாங்களாம். என் மச்சான் சொன்னான். அவனுக்கு உள்ள ஆள் இருக்கு." எதற்குள்ளே, எந்த ஆள் என்று யாரும் கேட்கவில்லை. கெட்ட செய்திக்கு யார் விலாசம் கேட்கிறார்கள்.

"அம்மா, ஒரு நிமிஷம். உங்க வயசு?"

"அறுபத்தேழு."

"எதுக்காகப் போறீங்க? வேலை, மருத்துவம், சொந்தக் காரியம், ஓய்வுன்னு நாலு கட்டம் இருக்கு. எதுல டிக் போடட்டும்?"

பொத்தானம்மா முத்திரையைப் பார்த்தார். மடியில் இருந்த பையை, அதற்குள் மூக்குக் கண்ணாடியும் கத்தரிக்கோலும் இருந்த பையை, இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"ஓய்வு" என்றார்.

"ஓய்வுன்னா? பார்க்குக்கா?" அந்தத் தடத்தில் நகரப் பூங்கா ஒரு நிறுத்தம். கணக்கெடுப்புக்காரர் உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

"ஆமா. பார்க்குக்கு."

பின்சீட்டில் கோட்டு மாமா தொண்டையைச் செருமினார். "நானும் பார்க்குக்குத்தான். காலாற நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"எனக்கும் அதே போடுங்க தம்பி" என்றார் ஹாஸ்டல் அக்கா, விடுதிக்கு ஐந்து கிலோ பச்சை மிளகாய் இருந்த பையைக் காலால் சீட்டுக்கடியில் தள்ளியபடி. "பார்க்குல காத்து நல்லாருக்கும்."

கணக்கெடுப்புக்காரர் மூன்று டிக் போட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேறு பேருந்துக்குப் போய்விட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் பொத்தானம்மா அடித்தள அறையில் அதைச் சொன்னார். தரை துடைப்பவர்கள், தள்ளுவண்டிக்காரர், பாத்திரம் கழுவும் அக்கா என்று அறுபத்தைந்து தாண்டியவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே உண்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடத்தில் வருகிறவர்கள். "கேட்டா பார்க்குன்னு சொல்லிடுங்க. அதுக்கு மேல கேள்வியே கிடையாது" என்று பக்குவம் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் தங்கள் பேருந்துகளில் சொன்னார்கள். கணக்கெடுப்பு இரண்டு வாரம் நடந்தது. அந்த இரண்டு வாரத்தில் காலை ஏழு மணிக்கு அந்த நகரத்தின் காவலாளிகள், சமையல்காரிகள், கணக்கு எழுதுகிறவர்கள், பிள்ளை பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் பார்க்குக்குப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பொத்தானம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அசைகிற பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி படித்தார். காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை வேலைக்குச் செல்வோர் நெரிசல் அதிகம் இருப்பதாலும், அந்நேரத்தில் பயணம் செய்யும் முதியோரில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் ஓய்வுக்காகவே செல்வது ஆய்வில் தெரிய வருவதாலும், அந்த மூன்று மணி நேரத்துக்கு இலவச அட்டை செல்லாது. முதியோர் நலன் கருதி, காலை பத்து மணிக்குப் பூங்கா வரை தனிப் பேருந்து விடப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் வரும் செவ்வாய் காலை பத்தரைக்கு வட்டார அலுவலகத்தின் முதல் மாடியில் நேரில் சொல்லலாம்.

"என்னடி எழுதியிருக்கு?" என்றார் ஹாஸ்டல் அக்கா.

"நமக்குத் தனி பஸ் விடறாங்களாம். பத்து மணிக்கு. பார்க்குக்கு."

ஹாஸ்டல் அக்கா அறிவிப்பை எட்டிப் பார்த்தார். "பார்க்குக்கா? அங்க போய் நான் என்னத்தப் பண்றது? குளத்துல இருக்கிற வாத்துக்கெல்லாம் வயசு கேக்கவா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "முதல்ல சொன்னது நீதானே?" என்றார்.

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அது பொத்தானம்மாவின் காதில் மருத்துவமனை வரைக்கும் கூடவே வந்தது. ஆறரைக்கு முன்னால் அவர் தெருவுக்குப் பேருந்தே கிடையாது. ஒன்பதரைக்குப் பின்னால் போனால் வேலை கிடையாது. காசு கொடுத்துப் போகலாம். காலைக் கட்டணம் மட்டும் கூலியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், பழையபடி சுவரைப் பார்க்கிற கதைதான். எந்தப் பக்கம் திருப்பித் தைத்தாலும் துணி பற்றவில்லை.

சாயங்காலம் மகள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது மாடி, இரண்டே அறை. பழைய தையல் மெஷின் இப்போது மகளின் மடிக்கணினியைத் தாங்கும் மேசை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து ஒரு காலை மறுகாலால் தேய்த்துக்கொண்டே நின்றாள். அவள் போகிற தடம் வேறு. நாற்பது நிமிடம் நின்றே போய், நின்றே வருவாள்.

"நல்ல செய்திம்மா. காலைல வயசானவங்களுக்கு ஃப்ரீ கிடையாதாம் இனிமே. ஆபீஸ்ல எல்லாரும் ஆதரிச்சுக் கருத்து எழுதினோம். நானும் ஒரு பக்கம் எழுதினேன். சும்மா சுத்தறதுக்குப் போறவங்க பத்து மணிக்குப் போனா என்ன?"

"நான் எத்தன மணிக்குப் போறேன்?"

"நீ ஏழுக்கு..." மகள் காலைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"எனக்கு என்ன வயசு?"

"அம்மா, நான் மூத்த குடிமக்களைப் பத்தி எழுதினேன்."

"நான் யாருடி?"

"நீ... நீ அம்மா."

"வேலை பாக்கறவங்களுக்கு பாஸ் உண்டான்னு பாரு" என்றார் பொத்தானம்மா. பிறகு மகள் மெஷின் முன்னால் உட்கார்ந்து இலவச அட்டையின் விதிகளைத் தேடி எடுத்தாள். பதினோரு பக்கம். ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு முதலில் இருந்து மறுபடி படித்தாள்.

"இதுல வயசு மட்டும்தாம்மா இருக்கு. வேலை பாக்கக்கூடாதுன்னு ஒரு வரி கூட இல்ல."

"நல்லாப் பாரு. பொடி எழுத்துல எங்கயாவது இருக்கும்."

"பொடி எழுத்தையும் பாத்துட்டேன். நீ வேலைக்குப் போறேன்னு சொன்னா ஒண்ணும் ஆகாது. ஏன் கேக்கறே?"

அப்போதுதான் பொத்தானம்மா பார்க்கு விஷயத்தைச் சொன்னார். மகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாத்துக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். எழுபத்தெட்டுப் பேர் என்கிற கணக்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்ததும் சிரிப்பு தானாக நின்றது.

"நீ போய்ச் சொல்லிடும்மா. செவ்வாக்கிழமை."

"ஊர்ல பாதிப் பேரோட பொய்ய நான் எப்படிச் சொல்றது? என் பொய்ய வேணா சொல்லலாம்."

"இல்லாட்டி வேலைய விட்டுடு. நான் பாத்துக்கறேன்."

"விட்டுட்டு? பத்து மணி பஸ்ஸுல ஏறவா?"

மகள் மடிக்கணினி பக்கம் திரும்பினாள். தான் எழுதிய கருத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு அழிப்பதற்கான பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். அழிக்கவும் இல்லை, மூடவும் இல்லை. அதில் அவள் எழுதியிருந்த கால்வலி பொய்யில்லை.

"நான் எழுதினது தப்பாம்மா?"

"நின்னுக்கிட்டு வர்றவ எழுதாம, உக்காந்துட்டுப் போறவளா எழுதுவா?" என்று சொல்லிவிட்டுப் பொத்தானம்மா அடுப்பைப் பார்க்கப் போனார்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் அம்மாவிடம் மறுநாளுக்கு விடுப்புக் கேட்டார். இரண்டு வருடத்தில் அதுதான் முதல்.

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வாயாலதான் கோளாறு."

செவ்வாய்க்கிழமை வட்டார அலுவலகத்தின் மாடிப்படியில் கோட்டு மாமாவும் ஹாஸ்டல் அக்காவும் அவருக்காகக் காத்திருந்தார்கள். கோட்டு மாமா கோட்டுக்கு இஸ்திரி போட்டிருந்தார்.

"தங்கச்சி, நீங்க என்ன பேசப்போறீங்கன்னு எனக்குத் தெரியாது. நம்ம யார் பேரும் வெளிய வரக்கூடாது. எங்க தெருவுல ரெண்டு பேர் உள்ள உக்காந்திருக்காங்க. அவங்க என்னை எப்படி நினைச்சுட்டிருக்காங்கன்னா..." அவர் கோட்டின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்னைப் பத்தி மட்டும்தான் பேசுவேன் அண்ணா."

"சத்தியமா?"

"உங்க கோட்டு மேல சத்தியம்" என்றார் ஹாஸ்டல் அக்கா குறுக்கே விழுந்து. "ஏறுங்க மேல. மூட்டு வலிக்குது."

உள்ளே நாற்பது நாற்காலி, நாலு மின்விசிறி, ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஆய்வின் எண்களை நிதானமாகப் படித்தார். பூங்காப் பேருந்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்ன மகிழ்ச்சிகூடத் தெரிந்தது. அது அவருடைய சொந்த யோசனை.

முதலில் எழுந்தவள் பின்வரிசையில் இருந்த ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். துணிக்கடையில் வேலை, அன்று அவளுக்கு வார விடுமுறை.

"எங்க கடையில உக்காரக் கூடாது சார். வாடிக்கையாளர் இல்லாட்டியும் நிக்கணும். பத்து மணி நேரம். காலைல பஸ்ல ஒரு அரை மணி நேரம் உக்காந்தா அந்த நாளத் தள்ளிடலாம். நான் ஏறற நிறுத்தத்துல வரும்போதே எல்லா சீட்லயும் பெரியவங்க. எழுந்திரிங்கன்னு யாரச் சொல்றது? அவங்க நடக்கறதுக்குத்தான் போறாங்கன்னா, தயவு செஞ்சு பத்து மணிக்குப் போகட்டும். நான் இந்தச் சட்டத்துக்கு ஆதரவு."

பொத்தானம்மா திரும்பி அவளைப் பார்த்தார். முகம் தெரிந்த முகம்தான். அதே ஏழு மணிப் பேருந்து. எத்தனையோ நாள் அவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருக்கிறாள். அவளுக்கு எதிராகப் பேசத்தான் வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்தும் எழுந்தார்.

"நான் பெரிய ஆஸ்பத்திரியில கிழிஞ்ச துணி தைக்கறேன் சார். எட்டு மணிக்கு உள்ள இருக்கணும். உங்க ஆள் வந்து கேட்டப்ப பார்க்குக்குப் போறேன்னு சொல்லிட்டேன். அது பொய். வேலைக்குப் போறேன்னு சொன்னா பாஸைப் புடுங்கிடுவீங்கன்னு பயம்."

அறையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. அதிகாரி பேனாவை எடுத்தார்.

"பாஸை யாரும் வாங்க மாட்டாங்கம்மா. ஏன் அப்படி நினைச்சீங்க?"

"சொன்னாங்க."

"யாரு?"

"பஸ்ல." கோட்டு மாமாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"உங்கள மாதிரி இன்னும் எத்தனை பேர் மாத்திச் சொல்லியிருப்பாங்க?"

"எனக்கு என்னைப் பத்தித்தான் தெரியும் சார்."

அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு, மனம் கோணாதபடி பார்த்துப் பார்த்துச் சொன்னார். "நீங்க வந்து சொன்னதுக்கு நன்றி. ஆனா பாருங்க, ஆயிரத்து நூறு பேரைக் கேட்டிருக்கோம். ஒருத்தர இந்தக் கட்டத்துல இருந்து அந்தக் கட்டத்துக்கு மாத்தினா எழுபத்தெட்டு எழுபத்தெட்டாத்தான் இருக்கும்."

பொத்தானம்மா நின்றுகொண்டே இருந்தார். மற்றவர்கள் பேரை எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இனி சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. ஹாஸ்டல் அக்கா மடியில் கையைப் பிசைந்தார். எழுந்தால் விடுதி மேலாளர் காதுக்குப் போகும், எழுபது வயசு சமையல்காரி எதற்கு என்று யாராவது கேட்டால் அவ்வளவுதான்.

"ஒரு நிமிஷம் சார்." துணிக்கடைப் பெண் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கியிருந்தாள். முகத்தில் ஏதோ கணக்குப் போடுகிற சுருக்கம். "எழுபத்தெட்டுப் பேர்னு சொல்றீங்களே, அவங்க எல்லாரும் பார்க்குக்கா போறாங்க?"

"பெரும்பாலும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"அப்படின்னா பார்க்கு நிறுத்தத்துல எனக்கு தினமும் சீட் கெடைச்சிருக்கணுமே சார்."

அதிகாரி புரியாமல் பார்த்தார்.

"நிக்கிறவளுக்கு வேற என்ன வேலை? யார் எங்க எழுந்திரிப்பாங்கன்னுதான் பாத்துட்டே இருப்பேன். ரெண்டு வருஷமா பாக்கறேன். பார்க்குல யாருமே எழுந்திரிக்கறதில்ல. ஆஸ்பத்திரியில எழுந்திரிப்பாங்க, ஹாஸ்டல் வாசல்ல எழுந்திரிப்பாங்க. பார்க்குல ஒரு குருவிகூட இறங்காது. நாங்க தாண்டும்போது ஏழரை. அப்ப அந்த கேட்டுல பூட்டு தொங்குது சார்."

"எட்டரைக்குத்தான் தொறப்பாங்க" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அதிகாரி தன் காகிதங்களைப் புரட்டினார். காகிதத்தில் பூங்காவின் திறப்பு நேரம் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அறையைப் பார்த்துக் கேட்டார். "இங்க வந்திருக்கற பெரியவங்கள்ல, காலைல உண்மையிலேயே பார்க்குல இறங்கறவங்க யாராவது இருக்கீங்களா?"

பிறகு ஒரு கை உயர்ந்தது. பழுப்புக் கோட்டின் கை.

"நான் இறங்குவேன்" என்றார் கோட்டு மாமா. அவருடைய தெருக்காரர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

துணிக்கடைப் பெண் அவரை உற்றுப் பார்த்தாள். "நீங்களா? நீங்க அந்தப் பெரிய கட்டடத்துக்கிட்டதானே..."

"இறங்குவாரு" என்றார் பொத்தானம்மா. இன்னும் உட்காராமல் நின்றிருந்தவர் அவர் ஒருவர்தான். "அவரு தினமும் இறங்குவாரு. நான் பாத்திருக்கேன். கேட்டு தொறக்கற வரைக்கும் வெளிய நடப்பாரு."

பொய்யைத் திருப்பி வாங்க வந்த இடத்தில் இன்னொன்றைக் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பெண் பொத்தானம்மாவைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், பேச்சை விழுங்கிக்கொண்டாள். அதிகாரி "ஒருவர்" என்று எழுதினார். கூட்டம் கலைந்தது. படியிறங்கும்போது கோட்டு மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இரண்டு படி முன்னால் போனார்.

ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஆய்வில் சில முரண்கள் இருந்தன என்று ஒரு வரி. நெரிசல் நேரத்தில் அட்டை செல்லாது என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் வேலைக்கோ மருத்துவத்துக்கோ போகிறவர்கள் அதற்கான கடிதம் காட்டினால் அட்டையில் ஒரு பச்சை முத்திரை குத்தித் தருவார்கள். அவர்களுக்கு எந்த நேரமும் செல்லும். பூங்காப் பேருந்து கைவிடப்பட்டது.

மேற்பார்வையாளர் அம்மா கடிதம் எழுதிக் கொடுத்தார். பொத்தானம்மாவின் முழுப்பெயர் என்ன என்று அவர் கேட்டது அன்றைக்குத்தான். ஹாஸ்டல் அக்காவுக்கு விடுதி மேலாளர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். இத்தனை நாள் பயந்ததற்கு அக்காவுக்குத்தான் கோபம் வந்தது. மருத்துவமனை அடித்தளத்தில் கேட்டவர்களில் இரண்டு பேருக்குக் கடிதம் கிடைக்கவில்லை. அவர்களை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரர் தருவதாகச் சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினார். அவர்களில் ஒருவர் வேலையை விட்டார்.

கோட்டு மாமா கடிதம் கேட்கவே இல்லை. பார்க்குக்குப் போகிறவருக்கு யார் கடிதம் தருவார்கள். தினமும் ஏறியதும் முழுக் கட்டணத்தை நீட்டுவார். "பாஸ் வீட்டுலயே தங்கிடுச்சு" என்பார். நடத்துநரும் தினமும் தலையாட்டிவிட்டுச் சீட்டுக் கிழிப்பார். முதல் நாள் அவருக்குப் பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்த பொத்தானம்மாவிடம், "அன்னிக்கு நீங்க சொல்லியிருக்க வேண்டாம்" என்றார், சன்னலைப் பார்த்துக்கொண்டே.

"எத?"

"உண்மை, பொய் ரெண்டையும்தான்."

பேருந்தில் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. பச்சை முத்திரைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், மற்றவர்கள் நின்றார்கள். துணிக்கடைப் பெண் மட்டும் இடம் மாறிவிட்டாள். முன்பு கதவோரம், நடுவில், பின்னால் என்று எங்கெங்கோ நின்று கண்ணால் துழாவுகிறவள், இப்போது ஏறியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் பொத்தானம்மாவின் சீட்டருகே வந்து கம்பியைப் பிடிப்பாள். மருத்துவமனைக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே பொத்தானம்மா பையை எடுத்துக்கொண்டு, முட்டியில் கை ஊன்றி எழுவார். எழுந்த சூடு ஆறும் முன் அவள் உட்கார்ந்துவிடுவாள். கடை வரைக்கும் அவளுக்கு ஏழு நிறுத்தம் கிடைக்கும்.

"அம்மா, நாளைக்கு எனக்கு லீவு" என்றாள் ஒரு திங்கட்கிழமை, உட்கார்ந்துகொண்டே.

"அதுக்கு?"

"சீட்டு வீணாப் போகுமே. பின்னாடி நிக்கறாங்க பாருங்க, கண்ணாடி போட்டவங்க, மருந்துக்கடை. அவங்களும் நாள் பூரா நிக்கறவங்கதான். நீங்க எங்க எழுந்திரிப்பீங்கன்னு நான் சொல்லி வச்சிருக்கேன்."

பொத்தானம்மா திரும்பிப் பார்த்தார். கண்ணாடி போட்ட பெண் கூட்டத்துக்கு மேலாகக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

"சரி, வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, வாசலில் அடைத்துக்கொண்டு நின்றவர்களை, "வழி விடுங்கப்பா, வேலைக்குப் போகணும்" என்று தள்ளிக்கொண்டு இறங்கினார். மணி ஏழே முக்கால்.